கண்ணை மூடாத பிரார்த்தனை

உ

மைசூர்
20-7-1997

சௌபாக்கியவதி பிரதிபாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே அம்மாவும் நானும் நன்றாகவே இருக்கிறோம், டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஷ்ரேயாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க சாமுண்டி துணை நிற்கட்டும். உன் கடிதம் வந்தது. வேலைக்குப் போகப்போகிறாய் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஷ்ரேயாவைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விடப் பயமாயிருக்கிறது, எதைப் பார்த்து நம்புவது, அம்மாவைக் கேட்டு எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். அம்மாவோ, நீங்களே எழுதுங்கோ, திங்கட்கிழமை நடந்த கூத்தையும் விடாமல் எழுதுங்கோ என்று சொல்லிவிட்டாள். மானம் போனாலும் எழுதுகிறேன்.

நம் முன்கூடத்தில் அம்மா நடத்தும் கிரஷில் இப்போது பதினாலு குழந்தைகள். ரிட்டயரானதிலிருந்து நானும் ஒத்தாசை செய்கிறேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்துநாலு வருஷம் இரும்போடு கிடந்தவன், இரும்பு வைத்த இடத்தில் இருக்கும், குழந்தை இருக்குமா? தினம் பத்து மணிக்கு விளக்கேற்றிப் பிரார்த்தனை. கண்ணைத் திறந்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று அந்த வாண்டுகளை மிரட்டி வைத்தது யார், சாட்சாத் உன் அப்பாதான். திங்கட்கிழமை அம்மா அடுப்பில் ராகிக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள், ஆயா கௌரம்மா பின்கட்டில் ஒரு குழந்தைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள், கூடத்தில் பெரியவன் என்று நான் ஒருத்தன்தான். காலையில் வாசலிலிருந்து பேப்பர் எடுத்துக்கொண்டு வந்தபோது நான் கதவுக்குத் தாழ் போடவில்லை. நானும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ராகம் போட்டு ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தேன். முடித்துக் கண்ணைத் திறந்தால் வாசலில் தெருமுனை வாழைப்பழக்காரி பசம்மா நிற்கிறாள், அவள் இடுப்பில் நம் கிரஷ் குழந்தை சோனியா! ஐயோ, இரண்டரை வயசுக் குழந்தை. தெருவில் ஸ்கூட்டர் ஒன்று கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றதாம், இவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினாளாம். ஏன் ஸ்வாமி, மக்களன்ன ஹீகா நோட்கொள்ளோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற லட்சணமா இது என்று தெருவே கேட்கக் கத்தினாள். சத்தம் கேட்டு அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்த அம்மாதான் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லையே, எதற்குச் சொல்ல வேண்டும், நாலு பேர் காதில் விழுந்தால் கிரஷையே மூட வேண்டியதுதான் என்றாள் கௌரம்மா. அதுவும் நிஜம்தானே. நாலு வருஷமாக அம்மா நாயாக உழைத்துச் சேர்த்த பெயர். அம்மா என் முகத்தையே பார்த்தாள். சாயங்காலம் சோனியாவின் அம்மா பாக்கியலட்சுமி ஊதுபத்தி ஃபாக்டரியிலிருந்து வந்ததும், வாசலிலேயே நடந்ததை நடந்தபடி சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். செவ்வாய் வரவில்லை, புதன் வரவில்லை. பிள்ளையை விட இடமில்லாவிட்டால் அவள் வேலையும் போய்விடுமே என்று அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

செவ்வாய்க்கிழமையே எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். தாழ் போட்ட கதவில் முதுகை வைத்துக்கொண்டு, கண்ணை நன்றாகத் திறந்துதான் ஸ்லோகம் சொல்கிறேன். பிரார்த்தனைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுகிறேன். கௌரம்மா கூடத்துக்கு வந்து நின்ற பிறகுதான் அம்மா அடுப்பங்கரைக்குப் போகிறாள். சாமி இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை பாக்கியலட்சுமி குழந்தையோடு வந்தாள். உள்ளே வரச் சொன்னோம், வரமாட்டேன் என்று ஜன்னல் பக்கமே நின்று பிரார்த்தனை முடியும்வரை என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அப்புறம் சோனியாவை என் கையிலேயே கொடுத்தாள். கொள்ளேகால் பக்கத்துப் பேச்சு அவளுக்கு. முன்னாடி விட்ட எடத்துல புள்ள கையில சூடு பட்டிருந்துச்சுங்க, கேட்டா எங்களுக்குத் தெரியாதுன்னுட்டாங்க, நீங்க நான் கேக்காமயே சொன்னீங்க, அதான் கூட்டியாந்தேன் என்றாள். சரிம்மா சரிம்மா என்று தலையை ஆட்டினேன்.

நீ பார்க்கப் போகிற இடத்தில் சுவரில் ஒட்டிய படத்தையும் பொம்மையையும் பார்த்து மயங்காதே. அரை மணி நேரம் நில். பெரியவர்கள் குழந்தைகளைப் பார்த்து நிற்கிறார்களா, தங்களுக்குள் முகம் பார்த்து அரட்டை அடிக்கிறார்களா, ஒருத்தி நகர்ந்தால் இன்னொருத்தி அந்த இடத்துக்கு வருகிறாளா என்று பார். அம்மா ஆஷாட வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இடிபட்டு சாமுண்டி மலைக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்து வந்தாள், குங்குமம் இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், வேலைக்குப் போகும் முதல் நாள் மறக்காமல் இட்டுக்கொள். உங்கள் மூன்று பேருக்கும் தீர்க்காயுசும் மனநிம்மதியும் கிடைக்கட்டும். இன்னும் ஒன்று. எங்களிடம் தப்பே நடக்காது என்று யாராவது சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. இன்றைக்கு இப்படி ஆகிவிட்டது அம்மா என்று நீ கேட்காமலே உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இருந்தால், அங்கே விட்டுவிட்டுத் தைரியமாக வேலைக்குப் போ.

இப்படிக்கு,
உன் அப்பா
சாம்பசிவன்