ஏரியில் உன் முறை இனி யாருக்கு?

ஆசை அண்ணனுக்கு,

நீ போன பிறகு உன்னிடம் சொல்ல வேண்டியது சேர்ந்துகொண்டே போகிறது. அண்ணியிடம் சொன்னால் கலங்குகிறார். மற்றவர்களிடம் சொன்னால் புத்தி சொல்கிறார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும், ஆனாலும் கேட்டுக்கொள்.

முதலில் என் முட்டி. நீ இருந்தால் அதைத்தானே முதலில் கேட்பாய்? பொன்னேரி பஸ்ஸில் படி ஏறும்போதே வலி உயிரை எடுக்கிறது. நான் வேலை பார்க்கும் துறையின் கபடி அணியில் இந்த வருஷமும் வலது கார்னர் நான்தான். எதிரே ரைடு வருகிற பையன்களுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. போன ஆட்டத்தில் ஒருவன், "பாத்து அங்கிள்"னு சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்தான். அடுத்த தடவை வந்தபோது கணுக்காலைப் பிடித்துக் குப்புறப் போட்டேன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு "சாரி அங்கிள்" என்றான். அந்தச் சந்தோஷம் ராத்திரி வரை இருந்தது. மறுநாள் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை.

"ஊர்ல அவனவன் வேலைக்காக அடுத்தவன் கால புடிக்கிறான். என் தம்பி நெசமாவே கால் புடிச்சி கவர்மெண்ட் வேல வாங்கிட்டான்"னு பழவேற்காடு மீன் ஏலத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாயே. எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது அப்படிக் கிண்டல் செய்ய ஆளில்லை.

முகத்துவாரத்தில் மணல்மேடு தட்டி உன் படகு கவிழ்ந்தபோது நான் வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏரியில் இறால் வலை கட்டும் இடத்தை நம் குப்பத்தில் குடும்பத்துக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள், பாடு என்பார்கள். எனக்கு அரசாங்க வேலை கிடைத்ததும் பாடு வரிசையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். அது வழக்கம், யாருக்கும் வருத்தமில்லை. உன் முறை உனக்கு இருந்தது. அண்ணியும் இரண்டு பெண்களும் சாப்பிட்டது அதில்தான். உன் கருமாதி முடிந்த கையோடு அந்த முறை யாருக்கு என்று கூட்டம் போட்டார்கள்.

தலைவர் நல்லவிதமாகத்தான் கேட்டார். "இன்னா ஏழுமலை, வேலைய வுட்டுட்டு வர்றியா? வந்தா உன் பேர எழுதிடறோம். பொம்பள பேர்ல எழுதற வழக்கம் நம்மகிட்ட இல்ல. நீ வரலன்னா மொற பொதுவுல சேந்துடும். அடுத்த கூட்டத்துல சொல்லு." நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். கோச்சுக்குப் போன் செய்து, இனிமேல் வரமாட்டேன் என்றேன். "இன்னும் ஒரு டோர்னமெண்ட் ஆடு. அப்புறம் பசங்கள நீயே பாத்துக்கோ"னு கெஞ்சினார். முடியாது என்று வைத்துவிட்டேன். அண்ணி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். வேலையை விடுகிறேன், உன் முறையில் நானே இறங்குகிறேன் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அண்ணி கையெடுத்துக் கும்பிடுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன்.

அவர் அரிவாள்மனையைத் தள்ளி வைத்தார். "வேலைய வுடறேன்னு சட்டுனு சொல்லிட்ட தம்பி. அது உனக்கு சுலுவா வருது. அவங்க முன்னாடி எனக்காக ஒரு வார்த்த பேசறதுதான் வரல. கால் ஒடஞ்சி படுத்தவனுக்கு பதிலா கூலி ஆளு எறங்குது. அவன் மொற போச்சா? எம் புருசன் மொறைக்கு நா ஆளு வெச்சா இன்னா தப்பு? அந்தக் கூட்டத்துல நா வந்து உக்கார முடியாது. நீ உக்காந்துதான இருந்த?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இத்தனை வருஷம் ஆடியிருக்கிறேன், ஒரு ரைடு போனதில்லை. "நீ போ, நா புடிக்கிறேன்" என்றே காலம் தள்ளிவிட்டேன். வருகிறவனைப் பிடிப்பேன், நானாக அடுத்தவன் எல்லைக்குள் போகமாட்டேன். ஆட்டத்தில் அதற்குக் கைதட்டினார்கள்.

பயமாக இருக்கிறது அண்ணா. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள்தான் உன்னைத் தோளில் தூக்கிப் போனவர்கள். நான் எதிர்த்துப் பேசிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவேன். அண்ணி அவர்கள் நடுவில்தானே இருக்க வேண்டும்? கூலிக்கு ஆள் வராமல் போனால்? பிள்ளைகளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் போனால்?

இன்னொன்றும் அண்ணி சொன்னார். உன்னிடம் அதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியாது. பக்கத்துத் தெரு மாரியக்கா தாலி அறுத்தபோது அவர் வீட்டு முறையையும் இப்படித்தான் எடுத்தார்களாம். நீயும் அந்தக் கூட்டத்தில் இருந்தாயாம். "உங்கண்ணன் அன்னிக்கி கம்முனு வந்து சோறு துன்னுட்டு படுத்துட்டாரு"னு சொன்னார். சண்டையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மாரியக்கா இப்போது அடுத்தவர் இறாலை உரித்துக் கொடுக்கிறார். அன்று நீ என்ன நினைத்தாய்? பேச வந்து அடக்கிக்கொண்டாயா? இல்லை, ஒன்றுமே தோன்றவில்லையா? உன் மேல் எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட நீ இல்லையே என்று அழுகையும் வருகிறது.

இன்று காலை கோச்சுக்குத் திரும்பப் போன் செய்தேன். வேலையை விடவில்லை, டோர்னமெண்டுக்கு வருகிறேன் என்றேன். நாளைக்குக் கூட்டம். என்ன ஆகும் என்று தெரியாது. ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன் முறையை அண்ணி பெயரில் எழுதச் சொல்லிக் கேட்பேன். கேட்டுவிட்டு உட்காரமாட்டேன். அன்று நீ கேட்காமல் வந்தாயே, மாரியக்காவின் முறை, அதையும் கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன்.

உன் கூடப்பிறந்தவன்,
ஏழுமலை