உன் அண்ணியின் லேப்டாப் வாய் மூடிய விவரம்

அன்பு மகள் சங்கீதாவுக்கு அப்பா சபாபதி வாயால் சொல்ல, உன் அண்ணி கீர்த்தி கையால் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அண்ணன் விக்னேஷும் தறியும் ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் சுகம், அங்கே நார்வே பனியில் நீயும் மாப்பிள்ளை தினேஷும் வழுக்கி விழாமல் சுகமாக இருக்க வேண்டும். அத்திவரதர் குளத்தை விட்டு வெளியே வந்து நாற்பத்தெட்டு நாள் ஊரையே நிற்க வைத்தாரே, பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே ஓரிக்கையிலேயே நின்றுபோய், நம் பக்கத்து வீட்டு மயில்வாகனம் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு யாருடையதோ இரண்டு வலதுகால் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தானே, அந்த வருஷம் நீ வாங்கிய லேப்டாப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் மாப்பிள்ளை பாதியில் புகுந்து பேசுவார், காகிதத்தில் புக முடியாது. கீர்த்தி இதைப் போட்டோ பிடித்து இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், காகிதம் பின்னால் தபாலில் வரும். தலைபோகிற சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை அண்ணிக்கு அனுப்புகிறேன் என்ற அந்த மூன்று ஃபேன் வைத்த லேப்டாப் வேண்டாம், ஆர்டர் போட்டிருந்தால் நிறுத்தச் சொல். ஏன் என்று கோபப்படாமல் கடைசி வரை படி.

நீ கல்யாணமாகிப் போகும்போது அந்த லேப்டாப்பை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா, அதை வைத்துத்தான் அவள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறாள், பதினோரு பிள்ளைகள், சாயங்காலம் ஆறு மணிக்கு. நம் வீட்டில் வேறு அறை ஏது, தறிக்குப் பக்கத்திலேயே உட்காருவாள், அந்த ஒரு மணி நேரம் விக்னேஷ் தறியை நிறுத்திக்கொள்வான். தறி நின்றால் லேப்டாப் ஆரம்பித்துவிடும். பத்து நிமிஷம் போனதும் ஒரு மூச்சு இழுக்கும் பார், மாவு மிஷின் மாதிரி, அதற்கு மேல் அவள் அ என்றால் அந்தப் பக்கம் கிர்ர் என்றுதான் கேட்குமாம். ஒரு பையன் மிஸ் ஏரோப்ளேனில் உட்கார்ந்து பாடம் எடுக்கிறாங்களா என்று கேட்டிருக்கிறான். இந்த வகுப்புகளை ஏற்பாடு செய்கிற பிரியதர்ஷினி அம்மா சென்னையில் இருக்கிறாள், நல்லவள்தான், ஆனாலும் கண்டிப்பு. வருகிற திங்கட்கிழமை நானே உட்கார்ந்து கேட்பேன், அன்றைக்கும் சத்தம் வந்தால் பிள்ளைகளை வேறு டீச்சரிடம் மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். உனக்குத் தெரியும், இதற்கு முன்னால் கீர்த்தி பட்டுக் கடையில் காலை முதல் ராத்திரி வரை நின்று கால் நரம்பு முறுக்கிக்கொண்டு வந்தவள். மறுபடியும் அங்கே போய் நிற்க வேண்டுமா என்று தறிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்றேன், எழுதியிருக்கிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும், நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஆளாளுக்கு வைத்தியம். உன் அம்மா ஈரத்துணியை மடித்து அதன் தலையில் போடப் போனாள், கீர்த்தி போட்ட கூச்சலில் நான்காம் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். நான் தறியில் குறுக்கு நூல் ஓட்டுகிற பழைய நாடாக் கட்டை இரண்டை அடியில் அண்டை கொடுத்தேன், அது உதவியது, பொய் சொல்லக் கூடாது, அடியில் காற்றுப் போக வழி கிடைத்ததும் சத்தம் ஒரு படி இறங்கியது. நீயும் மெத்தையில் வைத்து வேலை செய்யாதே, அது அடிப்பக்கம்தான் மூச்சு விடுகிறது. ஆனால் சத்தத்தை விடப் பெரிய கேடு வேறு வந்தது. லேப்டாப்பின் வலப்பக்கம் ஒரு சூட்டுக் காற்று வருமே, அது நேராகத் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் மேலே அடித்து, அந்த ஓரத்து இழையாகப் பார்த்து டப் டப் என்று அறுகிறது. சித்திரை வெயிலிலும் தறிக்கு மேலே ஃபேன் போடாமல் வேர்த்து வடிகிற வீடு இது, இழை காய்ந்தால் அறும் என்று உனக்கும் தெரியும். விக்னேஷ் வந்து, ஏம்மா நான் வேர்த்து ஊத்திக்கினு குந்திகினு இருக்கிறேன், உன் பொட்டிக்கு மட்டும் ஃபேன் கேக்குதா என்றான். அவள், அது பொட்டி இல்ல, எம் பொழப்பு என்றாள். அதோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோனது. சாம்பார் வேண்டுமா என்று என் வழியாகக் கேட்டுக்கொண்டார்கள், எனக்கு நல்ல பொழுதுபோக்கு.

மூன்றாம் நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடை பாலாஜியிடம் போனேன். அவன் அடியைக் கழற்றி இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தான், இழுக்க இழுக்க வருகிறது, கம்பளித் துண்டு மாதிரி, அடுக்கு அடுக்காகக் கலர். தாத்தா இன்னா இது என்று பயந்துபோய்க் கேட்டான். இன்னாவா, பட்டுப் பிசிறுடா என்றேன். எனக்கு வந்த சிரிப்பை நான் எப்படிச் சொல்வேன் சங்கீதா, நம் தறியில் ஏறி இறங்கிய புடவையெல்லாம் அதற்குள் படுத்துக் கிடக்கிறது. எழுத்துத் தெரியாதவன் நான், அதை வரிசையாகப் படித்தேன். அடியில் மயில்கழுத்துப் பச்சை, அது நீ விமானம் ஏறிய தை மாதம் தறியில் இருந்தது. அதற்கு மேல் மாம்பழ மஞ்சள், அது முனிசாமி பேத்திக்கு நெய்தது, நிச்சயம் முறிந்து ஏழாம் மாதம் அதே பையனுக்கே கழுத்தை நீட்டினாளே, அவளுக்கு. அப்புறம் அரக்கு, அப்புறம் மறுபடி அரக்கு, அது கடைக்காரர் கலர் மங்கல் என்று திருப்பி அனுப்பி விக்னேஷ் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது. கடையில் சார்ஜர் வாங்க வந்தவர்கள் கூட நின்று கேட்டார்கள். இந்த வெள்ளை எந்தக் கல்யாணத்துக்கு நெய்தது, எனக்கே ஞாபகம் வரவில்லையே என்று திகைத்தேன். அது பட்டு இல்ல தாத்தா, உங்க தலமுடி என்றான் பாலாஜி.

சுத்தம் செய்து போட்டான், பாதிச் சத்தம் போனது, மீதி போகவில்லை. ஃபேனே தேய்ந்துவிட்டது, புது ஃபேன் போட்டாலும் பட்டு நெய்கிற வீட்டில் ஆறு மாதம்தான், அது மூச்சு இழுக்கிற இடத்தில் பிசிறு போய் உட்காரும் என்றான். ஃபேனே இல்லாத லேப்டாப் இருக்குது தாத்தா, அத்த வாங்குங்க என்றான். நான் நம்பவில்லை. அதனால் சனிக்கிழமை பெரிய கடைக்குக் காது கொடுத்துக் கேட்கக் கிளம்பினேன். துணைக்கு மயில்வாகனத்தைக் கூட்டிக்கொண்டு போனேன், அதுதான் தப்பு. அவன் காதுக்குள் புதிதாகக் காது கேட்கிற மிஷின் வைத்திருக்கிறான், லேப்டாப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோனாலே அவன் காது வீல் என்று விசில் அடிக்கிறது. அண்ணே இது சத்தம் போடுது, வாணாம் என்று எட்டு லேப்டாப்பைத் தள்ளினான், எட்டும் அணைத்து வைத்திருந்தவை. பிறகு அவனைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு நானே கேட்டேன். கடையில் எல்லாம் அமைதியாகத்தான் இருந்தன. பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கு எந்தப் பொண்ணு வாயைத் திறந்தது, அரை மணி நேரம் படத்தை ஓட விடு தம்பி, வேலை கொடுத்துப் பார்ப்போம் என்றேன். ஓட விட்டால் ஒவ்வொன்றாகச் சுயரூபம் காட்டின, ஒன்று புஸ்ஸென்றது, ஒன்று கொசு மாதிரி, மூன்று ஃபேன்காரன் இருக்கிறானே, மாப்பிள்ளை அனுப்புகிற அதே சாதி, பஸ் ஸ்டாண்டில் புறப்படுகிற வண்டி மாதிரி உறுமினான். ஒன்று மட்டும் பேசவேயில்லை. கை வைத்துப் பார்த்தேன், லேசாகக் காய்ச்சல் அடிக்கிற நெற்றி போல இளஞ்சூடு, அவ்வளவுதான். ஓட்டையே இல்லை, பிசிறு போக வழியில்லை, காற்று வரவும் வழியில்லை. கடைப்பெண் ஒளிக்காமல் சொன்னாள், சூடு ஏறினா இது தானா வேகத்தக் கொறச்சுக்கும் ஐயா, கேம் ஆட ஒதவாது, பாடம் எடுக்கத் தாராளமா போதும் என்று. விலையைக் கேட்டுவிட்டு, இதை எப்படி வாங்குவது என்று நான் நிற்கிறேன், பின்னாலிருந்து, பேக் பண்ணுங்க என்று ஒரு குரல், திரும்பினால் விக்னேஷ். பொண்டாட்டியோடு பேசாதவன் தறியை விட்டுவிட்டு சைக்கிளில் வந்து நிற்கிறான். வீட்டுக்கு வந்து அவள் கையில் கொடுத்து, இந்தா, உம் பொழப்பு என்றான். அண்ணி பேனாவை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள், கொஞ்சம் பொறு.

திங்கட்கிழமை ஆறு மணி. உன் அம்மா குக்கரை இறக்கிவிட்டாள், நான் இருமலை முழுங்கிக்கொண்டு மூலையில் நின்றேன். கீர்த்தி உறவுமுறைப் பாடம் எடுத்தாள், சித்தப்பா, அத்தை, மச்சான் என்று. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், சத்தம் இல்லை. பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும் என்று அவள் பேச்சை நிறுத்தியதும் பிரியதர்ஷினி அம்மா திடீரென்று, கீர்த்தி, லைன் கட்டாயிடுச்சா, ஒண்ணுமே கேக்கலயே என்றாள். இருக்கேன் மேடம், இதுதான் எங்க வூடு என்றாள் இவள். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பதினோரு பிள்ளைகளும் நம் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள், இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கிறாளாம்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் சண்டை போட்டுச் சமாதானமாகி நன்றாக இருக்க வேண்டும், காதில் பஞ்சு வைக்காமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையிடம் ஆர்டரை நிறுத்தச் சொல்ல மறக்காதே. மாகறலில் இருக்கிற உன் அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை போன் போடு, சத்தமாகப் பேசு. ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்குப் பாடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட கீர்த்தி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள், எல்லாரும் தாத்தா தாத்தா என்றார்கள், ஒரு பொடிசு மட்டும், உங்களை யார் தம்பின்னு கூப்பிடுவாங்க என்று கேட்டது. விரலை மடக்கினேன். பெரியண்ணன் போய்விட்டார், சின்னண்ணன் போய்விட்டார், பாவு இழுக்கக் கற்றுக்கொடுத்த பழனி அண்ணன் போன ஐப்பசியில் போனார். அவ்வளவு அமைதி, என் விரல் மடங்குவது கூடக் கேட்டிருக்கும். அப்புறம் கடைசி விரலை நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு சொன்னேன், ஒருத்தி இருக்குதும்மா, நேத்துகூடக் கூப்ட்டுது என்று.

இப்படிக்கு,
மாகறல் கமலவேணி அக்காவின் தம்பி,
உன் அப்பா சபாபதி (கைநாட்டு)