என் கை ஒற்றிய தட்டு

டீச்சர், இன்று லேப் அலமாரியை ஒழித்தபோது உங்கள் குக்கர் கிடைத்தது. "சமையலுக்கு அல்ல" என்று சிவப்புப் பெயின்டில் நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. சத்துணவுக் கூடத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் தொடவில்லை.

போன வருஷம் கிருமி வளர்த்த தட்டுகளை அதில்தான் வேகவைத்துக் கொன்றீர்கள். "வளக்கறது சுலபங்கம்மா. உசுரோட வெளிய விடாம இருக்கறதுதான் வேல" என்பீர்கள். அஞ்சாவதோடு நின்ற எனக்கும் அது புரிந்தது.

ஒன்பதாம் வகுப்புக்குக் காட்ட என் கையையும் கேட்டீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, தட்டில் உறைந்த கஞ்சி போலிருந்ததில் விரல்களை ஒற்றினேன். உடனே மூடிச் சுற்றிலும் டேப் ஒட்டினீர்கள். இத்தனை பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற கை, இதில் என்ன முளைத்துவிடும் என்று பெருமையாக நடந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், அதே வகுப்பில் படிக்கிற பேத்தி திவ்யா வூட்டுக்குள் நுழையும்போதே, "ஆயா, சோப்பு போட்டுக் கழுவின கையிலயே புள்ளி புள்ளியா மொளச்சிருக்குது!" என்றாள். மறுநாள் நடக்கிற வகுப்புக்குள்ளேயே வந்து நின்றேன்.

"அது என் கையே இல்ல. தட்ட மாத்திட்டீங்க. தொறங்க, பாக்கலாம்!"

"கை நல்லாத்தான் கழுவினீங்கம்மா. ஈரத்த முந்தானையில தொடச்சிட்டீங்க. அதாங்க."

"ஓகோ, என் சேலை அழுக்கா?"

டேப்பைப் பிய்க்கக் கை நீட்டினேன். நீங்கள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டீர்கள். "எவ்ளோ வேணா திட்டுங்கம்மா. இத தொறக்க மாட்டேன். இத்தன புள்ளைங்க இருக்குது."

"அழுக்குக்காரி ஆக்குன சாம்பாரு இனி உங்களுக்கு எதுக்கு?" என்று கத்திவிட்டு வந்தேன். தினமும் ஒரு கரண்டி வாங்க வருவீர்கள். அதற்குப் பிறகு வரவில்லை.

அன்று திவ்யா அழுதாள். "டீச்சர் யாரு கைன்னு சொல்லவே இல்ல ஆயா. தட்டுல பேரும் இல்ல. நீயேதான் வந்து காட்டிக்கிட்ட."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அடுத்த வாரம் ஆகட்டும் என்றிருந்தேன். அதற்குள் ஆபரேஷனுக்கு லீவு போட்டுத் தர்மபுரிக்குப் போனீர்கள். ஒருநாள் பிரேயரில் தலைமையாசிரியர் சொன்னபோதுதான் நீங்கள் இனி இல்லை என்று தெரிந்தது.

இப்போது கழுவிய கையை நான் எதிலும் துடைப்பதில்லை. விரித்துப் பிடித்துக் காயவிடுகிறேன். புதிதாக வந்த உதவியாளர், "என்னங்கக்கா, சாமி வந்துடுச்சா?" என்று கிண்டல் செய்தாள். அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாரு கைங்கக்கா அது?" என்றாள்.

"என்னுதுதான்" என்றேன்.

உங்களிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.