தலையணைக்கு அடியில் பிஸ்கட்

இந்த நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மகள் இப்போதுதான் தூங்கினாள். வெளியே மழை. தாம்பரத்துப் பக்கம் போகிற ரயிலின் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது. அவள் தலையணையைச் சரிசெய்தபோது கையில் பிசுபிசுத்தது. நமத்துப்போன பிஸ்கட். அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய்.

நீ பார்க்காமலே போன என் மகளுக்கு ஐந்து வயது. இவள் அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து இப்படி ஒளித்துவைக்கிறாள். அவள் காதுபட நாங்கள் எதுவும் பேசுவதில்லை, ஆனாலும் தெரிந்திருக்கிறது. முன்பெல்லாம் வாயில் வைத்ததைக்கூட எடுத்து நீட்டுவாள். இன்று எதிர்வீட்டுக் குழந்தை கை நீட்டியதும், "எனக்கே இல்ல, போ" என்று தள்ளிவிட்டாள். கஷ்டம் இவள் மனதை இறுக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

முடிச்சூர் வெள்ளம் நினைவிருக்கிறதா? தெருவே ஏரியாகி, மொட்டைமாடிகள் மட்டும் மிதந்தன. ராத்திரியில் நிலா நம் காலடியில் கிடந்தது. உங்கள் மாடிக்கும் எங்கள் மாடிக்கும் கை எட்டும் தூரம். அம்மா ஒரு டப்பாவில் உப்புமா வைத்து உன்னிடம் நீட்டினாள். நீயோ படகில் வந்தவர்கள் கொடுத்த பிரெட் பாக்கெட்டைத் துப்பட்டாவுக்குள் அணைத்துக்கொண்டிருந்தாய், பிரிக்கவே இல்லை. காலேஜில் பாதிச் சாப்பாட்டை யாருக்காவது கொடுத்துவிடுகிற நீ, எனக்குக்கூடத் தரவில்லை. கேட்டதற்கு, "பசிக்கலடி. இது பக்கத்துல இருந்தாதான் தூக்கம் வருது" என்றாய்.

தண்ணீர் வடிந்ததும் சேற்றில் செருப்பில்லாமல் வந்து டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாய். உள்ளே அதே பிரெட், ஓரமெல்லாம் பச்சை பூத்து.

"காலி டப்பா குடுக்கக் கூடாதுல்ல ஆன்ட்டி. வீட்ல வேற ஒண்ணுமில்ல."

அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான்தான் அன்றிலிருந்து உன்னை 'பூஞ்சை பிரெட்' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அந்தக் கடைசிக் காய்ச்சலில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அப்படித்தான் கூப்பிட்டேன். நீ சிரித்தாய்.

பிஸ்கட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நேற்று எதிர்வீட்டு அக்கா பாயசம் கொடுத்தனுப்பிய டப்பா கழுவி வைத்திருக்கிறது. காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நானே கொஞ்சம் சர்க்கரை போட்டுவிடலாம். போடவில்லை. மகளுக்கு எட்டுகிற உயரத்தில், மூடாமல் வைத்திருக்கிறேன்.

இல்லாமல் போய்விடுமோ என்ற அந்தப் பயம் உனக்கு எப்போது விட்டது? தண்ணீர் வடிந்த அன்றேவா, இல்லை அதற்கும் நாளானதா? தெரிந்தால் அதுவரை காத்திருப்பேன்.

சீக்கிரம் பதில் போடு.