நெத்திலியின் தாடைக்கு வெந்நீர்

இன்று காலை நெத்திலி வாசலில் வெயிலுக்கு மல்லாந்து படுத்திருந்தபோதுதான் பார்த்தேன். வெள்ளைத் தாடையில் மறுபடியும் அந்தக் கரும்புள்ளிகள், மிளகைப் பொடித்துத் தூவினாற்போல. "யோவ், உன் மவளுக்குத் திரும்பவும் வந்துடுச்சு பாரு" என்று பாதி சொன்ன பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது.

பூனையின் தாடையில் பரு வருவது உலகத்துக்குப் பெரிய சங்கதி இல்லைதான். ஆனால் விட்டால் என்ன ஆகும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். வீங்கும், சீழ் வைக்கும், வலியில் தின்னாமல் கிடக்கும். நீ போன பிறகு அது தன் தாடையில் யாரையும் கை வைக்க விடுவதில்லை. ஈரத்துணியோடு கிட்டே போனேன். என் புறங்கையில் கோடு கோடாகக் கீறிவிட்டுக் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பாவி, உன்னிடம் மட்டும் கைக்குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கிக் காட்டுமே.

முதல்முறை வந்தபோது நமக்கு என்ன தெரியும்? லைட்ஹவுஸ் குப்பத்தில் பூனைக்குத் தாடை கறுத்தால், படகு இன்ஜினுக்கடியில் படுத்துக் கிரீஸைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாய். உன் கையிலிருக்கும் கிரீஸை எடுக்கிற அதே மண்ணெண்ணெய்த் துணியால் அதன் தாடையையும் அழுத்தித் துடைத்தாய். "இப்ப பாரு, ஷோக்கா ஆயிடும்" என்று பீற்றிக்கொள்ள வேறு செய்தாய். மறுநாள் தாடை வீங்கிச் சிவந்துவிட்டது. நெத்திலி மீனை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. மீனை வேண்டாமென்ற பூனையை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீயும் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த நாள் நீ கடலுக்குப் போகவில்லை. மீன்கூடையில் துண்டை விரித்து, நெத்திலியை உட்கார வைத்து, மேலே கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டு பழவேற்காட்டில் பஸ் ஏறினாய். நானும் கூட வந்தேன். மீன் என்று நினைத்துக் கண்டக்டர் பின்னால் போகச் சொன்னார். கூடை கத்தியதும் பஸ்ஸே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. பள்ளம் மேடு வரும்போதெல்லாம் கூடையை மடியிலிருந்து தூக்கிப் பிடித்தபடி பொன்னேரி வரைக்கும் வந்தாய்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா, என்ன தடவினீர்கள் என்று கேட்டார். நான் மழுப்பப் பார்த்தேன். நீதான், "மண்ணெண்ண போட்டுத் தொடச்சேம்மா. நான்தான்" என்றாய். நக்கி உள்ளே போயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று அவர் உன்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அது கிரீஸ் இல்லை, நமக்கு முகப்பரு வருகிற மாதிரிதான் என்றார். எதில் சாப்பாடு வைக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார். படகில் தண்ணீர் இறைக்க நீ பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேன் பழசானதும் அதுதானே நெத்திலிக்குத் தட்டு? அதன் கீறல்களில் மீன் கொழுப்பு தங்கித் தாடையில் படுகிறது, அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். எவர்சில்வர் தட்டு வைத்துத் தினமும் கழுவச் சொன்னார். இளஞ்சூடான உப்புத்தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றச் சொன்னார். கிள்ளவே கூடாது என்றார். மருந்தும் கொடுத்தார். "முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். போயிட்டுப் போயிட்டு வரும். பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். நீ தலையாட்டினாய்.

சும்மா ஆட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். விளக்குமாற்றைக் கையில் கொடுத்தாலும் அதைச் சுவரில் சாத்திவைக்கிற ஆள் ஆயிற்றே நீ. ஆனால் இந்த ஒரு வேலைக்கு உன்னை நான் ஒருநாளும் ஏவ வேண்டியிருக்கவில்லை. கரை திரும்பி, மீனை ஏலத்தில் விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உன் டீக்கு முன்னால் அதன் வெந்நீரை அடுப்பில் வைப்பாய்.

வலை சரிபார்க்கும் கொட்டகையில் உன்னைக் கிண்டலடிக்காதவன் கிடையாது. "இன்னாபா, பூனைக்கு ஷேவிங் முடிஞ்சுதா?" என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான். வேறொருவனாக இருந்தால் கூசிப்போயிருப்பான், இல்லை சண்டைக்குப் போயிருப்பான். நீ வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கெடுத்தது நானு. நான்தானே பாக்கணும்?" என்றாய். அதோடு விடவுமில்லை. மண்ணெண்ணெய்க் கதையை ஒன்றுவிடாமல் சொல்லி, எவன் வீட்டுப் பூனைக்காவது தாடை கறுத்தால் அந்தத் துணியைத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் சொன்னாய்.

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த என் காதில் எல்லாம் விழுந்தது. தன் தப்பை நாலு பேர் நடுவில் தன் வாயாலேயே சொல்கிற ஆம்பளை என் வீட்டுக்காரன் என்று எனக்கு அப்படியொரு பெருமை. வலை நிறைய வஞ்சிரத்தோடு நீ வந்த நாளில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அன்றைக்கு உன்னிடம் சொன்னதென்னவோ, "போய்க் குளிய்யா, நாறுது" என்றுதான்.

இந்த முறை ஏன் வந்தது என்றும் கண்டுபிடித்துவிட்டேன். உன் கருமாதிக்கு வந்த சொந்தக்காரர் யாரோ ஐஸ்கிரீம் டப்பாவில் அதற்குச் சோறு வைத்திருக்கிறார். எனக்கிருந்த நிலையில் நானும் அதிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வர் தட்டைத் தேடியெடுத்துத் தேய்த்தேன். காலையில் நெத்திலியின் தாடையைப் பார்த்திருந்த பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, மண்ணெண்ண கிண்ண வெச்சிடாதே. ஆவாதாம். எங்க வூட்டுக்காரரு சொல்லிக்கீறாரு."

ஷேவிங் முடிந்ததா என்று கேட்டவன்தான் அவள் வீட்டுக்காரன். அவனுக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியாதா?

உப்புத்தண்ணீரைச் சூடாக்கித் துணியைப் பிழிந்து கட்டிலுக்கடியில் நீட்டினேன். சீறியது. நானும் பதிலுக்கு உன்னைத்தான் திட்டினேன், இப்படிப் பழக்கிவைத்துவிட்டுப் போய்விட்டாயே என்று. அப்புறம் நீ எப்படிச் செய்வாய் என்று நிதானமாக நினைத்துப் பார்த்தேன். தரையில் சப்பணம் போட்டு உட்காருவாய். பிழிந்த துணியை முதலில் உன் முள்ளுத்தாடியில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வாய். "எனக்குச் சுட்டா அதுக்கும் சுடும்ல" என்பாய். உன் முறை முடியட்டும் என்று நெத்திலி எதிரே காத்திருக்கும்.

நானும் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். துணியை என் தாடையில் வைத்துக் கண்ணை மூடினேன். வெதுவெதுப்பாக இருந்தது. அழுதேன், மறைப்பானேன். கண்ணைத் திறந்தபோது நெத்திலி எதிரே உட்கார்ந்து, முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது.

ஒற்றி எடுத்தேன். கிள்ளவில்லை. நாளைக்கும் வைப்பேனய்யா. முதலில் என் தாடைக்கு, அப்புறம் உன் மகளுக்கு.