கட்டுரையில் இல்லாத மகள்

ஜமுனாமரத்தூர்
9.3.2025

மதிப்பிற்குரிய எழுத்தாளர் சம்பூர்ணம் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, கடிதம் எழுதுவதுதான் நல்லது என்று சொல்லிப் பதிப்பகத்தில் முகவரி கொடுத்தார்கள். நான் இங்கே உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழாசிரியை.

திருவண்ணாமலையில் பி.ஏ. படித்தபோது உங்கள் ‘இறங்கிப் போனவள்’ கட்டுரை எங்களுக்குப் பாடமாக இருந்தது. குடித்துவிட்டு அடித்த புருஷனைப் பஞ்சாயத்தில் நிறுத்தி, ஊர் பார்க்கத் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, தனியாக மலையிறங்கிய பெண்ணின் கதை. வாசித்து முடித்ததும் வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தப் பாஞ்சாலிதான் என்னைப் பெற்றவள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் மலைக் கிராமத்து வழக்கத்தில் பிடிக்காத புருஷனை விட்டுப் பெண் போகலாம். ஆனால் பிள்ளை தகப்பன் வீட்டுக்குத்தான் சொந்தம். அப்போது எனக்கு நாலு வயது. உங்கள் கட்டுரையில் சாமைக் கொல்லை வருகிறது, அவள் வளர்த்த கோழி வருகிறது. நான் வரவில்லை.

பழி சொல்ல எழுதவில்லை. ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்களிடம் பேசிய நாட்களில் அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா?

இப்படிக்கு,
கு. மாணிக்கம்மாள்


சென்னை
20.3.2025

அன்புள்ள மாணிக்கம்மாள்,

சொன்னாள் என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை அம்மா.

அப்போது அவள் சந்தவாசலில் நெல் மில்லில் கூலி வேலை பார்த்தாள். நாங்கள் பட்டணத்திலிருந்து நாலைந்து பெண்கள் போயிருந்தோம். வரதட்சணைச் சாவுகளைக் கண்டித்துத் தெருவில் உட்கார்ந்த காலம் அது. வெளிநாட்டுப் பெண்கள் எழுதிய புத்தகங்களைக் கைமாற்றிப் படித்துவிட்டு, வீட்டுக்குள் நடப்பதும் அரசியல்தான் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தோம். பேசினோமே தவிர, எங்களில் பாதிப்பேருக்குச் சொந்த வீட்டு வாசலைத் தாண்டத் தைரியமில்லை. பாஞ்சாலி தன் கதையைச் சொன்னபோது சாப்பிடக்கூட எழாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளை என்ற பேச்சே வரவில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கட்டுரை வெளிவந்த வருஷம்தான் நானும் என் புருஷனை விட்டு வந்தேன். அவளைப் பார்த்துத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. அன்று உடன் வந்தவர்களில் இன்று நான் ஒருத்திதான் மிச்சம். கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், காரில் கொண்டுவந்து விடுகிறார்கள். அதன் பிறகு பேச்சுத்துணை இல்லை. கோபம் இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். அவள் இருக்கிறாளா?

அன்புடன்,
சம்பூர்ணம்


ஜமுனாமரத்தூர்
21.4.2025

அன்புள்ள உங்களுக்கு,

இருக்கிறாள். அதே சந்தவாசலில். எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் அப்பா இருந்தவரை நான் போகவில்லை. அவர் தை மாதம் தவறிவிட்டார். வீட்டில் இப்போது நான் மட்டும்தான். உங்கள் கடிதம் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கூலிக்குப் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். இங்கே வந்த பிறகு அவளோடு சேர்ந்து வாழ்ந்தவரும் இறந்து பல வருஷமாகிறதாம். வேறு பிள்ளைகள் இல்லை. நான் யாரென்று சொன்னேன். கையிலிருந்த புளியைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தாள். பிறகு உட்காரச் சொல்லி ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள்.

தன்னைப் பற்றி அச்சில் வந்ததே அவளுக்குத் தெரியாது. கட்டுரை உள்ள புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். முழுவதும் வாசித்துக் காட்டினேன். எல்லாம் நிஜம்தான் என்றாள். உங்களையும் நினைவிருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கார அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார்களா என்று விசாரித்தாள்.

அப்புறம்தான் கேட்டேன், என்னைப் பற்றி அவர்களிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. ஒரு புளியை உடைத்துக் கொட்டையைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

“சொல்லியிருந்தா, புள்ளய வுட்டுட்டு வந்தவன்னு பாத்திருப்பாங்க. ஊரெல்லாம் அதத்தான் சொல்லிச்சி. ஒரு எடத்துலயாச்சும் நான் நல்லவளா இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன்.”

அப்படியானால் போனது தப்பா என்று கேட்டேன்.

“தப்புன்னு சொல்ல மாட்டேன். இருந்திருந்தா செத்திருப்பேன். உன்ன வுட்டதுதான் இன்னும் எரியுது. அது வேற, இது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாத.”

அவள் அழுவாள், நான் சமாதானம் சொல்வேன் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனேன். அவள் அழவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள்தான் நினைவுபடுத்தினாள். மலையேறி வந்து, கதவைத் திறந்து, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்படிக்கு,
மாணிக்கம்மாள்


சென்னை
4.5.2025

அன்புள்ள மாணிக்கத்துக்கு,

கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். புத்தகத்துக்குப் புதிய பதிப்பு வருகிறது. உங்கள் இருவரையும் பற்றிக் கடைசியில் ஓர் அத்தியாயம் சேர்க்க விரும்புகிறேன். எழுதியும் விட்டேன், இத்துடன் வைத்திருக்கிறேன். நீ சம்மதித்தால்தான் அச்சுக்குப் போகும்.

ஜூனில் அங்கே வரட்டுமா? சந்தவாசல் போய் அவளைப் பார்த்துவிட்டு, உன் வீட்டில் சில நாள் தங்குகிறேன். காது கேட்காவிட்டாலும் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். அத்தியாயம் ஒரு சாக்குதான் என்று நீ நினைத்தால், அதுவும் உண்மைதான்.

அன்புடன்,
சம்பூர்ணம்


ஜமுனாமரத்தூர்
25.5.2025

அன்புள்ள உங்களுக்கு,

அத்தியாயத்தைப் படித்தேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் சேர்க்க வேண்டாம்.

போன வருஷம் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு காவியாவுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். அவளுக்கு உங்கள் கட்டுரையைத்தான் படிக்கக் கொடுத்தேன். மறுநாள் தகப்பனைக் கூட்டிவந்து, தலைமையாசிரியர் முன்னால் நின்று, முடியாது என்று சொன்னாள். இப்போது போளூரில் பிளஸ் ஒன் சேரப் போகிறாள். அந்தக் கட்டுரையில் நான் அழுதுகொண்டு நின்றிருந்தால், அவள் கண் என்மேல்தான் போயிருக்கும். பாஞ்சாலியைப் பார்த்திருக்க மாட்டாள். இனி வரும் பெண்களுக்கும் அவள் அப்படியே இறங்கிப் போகட்டும்.

ஜூனில் வர வேண்டாம் என்று எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் வந்தால் அம்மா சோறாக்கிப் போட்டு, உட்காரவைத்து, தடையில்லாமல் பேசுவாள். எனக்குத் தெரியும். பக்கத்திலிருந்து அதைக் கேட்கிற மனது எனக்கு இன்னும் வரவில்லை.

ஞாயிறுதோறும் போகிறேன். கூடவே உட்கார்ந்து புளி உடைக்கிறேன். வெயிலைப் பற்றிப் பேசுவோம், பஸ் கட்டணத்தைப் பற்றிப் பேசுவோம். சில வாரம் அதுவும் இல்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று, “வாங்க டீச்சர்” என்கிறாள்.

இப்படிக்கு,
மாணிக்கம்மாள்