விஜி நட்ட மரம்

நீலசந்திரா, பெங்களூரு
டிசம்பர் 2, புதன்கிழமை

அன்பு மகன் விஜய்குமாருக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம். உன் அப்பாவும் இன்றைய தேதி வரைக்கும் நலம். அங்கே நீயும் ஆஷாவும் வைஷ்ணவிக் குட்டியும் சௌகரியமாக இருப்பது நீங்கள் போடுகிற போட்டோக்களிலேயே தெரிகிறது, இருந்தாலும் கடிதம் என்றால் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், அதனால் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் ஆகாதா, இதென்ன பழைய காலத்து வேலை என்று நினைப்பாய். உன் போன் வந்தால் உன் அப்பா கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து ஸ்பீக்கரில் போடு தனம் என்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் நீ என்ன போட்டிருக்கிறாய் என்று பார்க்க நாளைக்குப் பத்து தடவை என் போனைத்தான் எடுக்கிறார். அவர் காதில் விழாமல், கண்ணில் படாமல் உன்னிடம் பேச எனக்கு இதுதான் வழி. ஸ்பீடு போஸ்ட்டில் பத்துப் பன்னிரண்டு நாளில் ஜெர்மனி போய்விடும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் உன் கைக்கு வந்தால் போதும்.

முதலில் நீ சொன்ன வேலையை முடித்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒயிட்ஃபீல்ட் வீட்டுக்குப் போய்வந்தேன். வாடகைக்கு இருக்கிற சாய்கிருஷ்ணா தம்பி, கீசர் ஒழுகுகிறது என்று உனக்கு மூன்று மெயில் போட்டாராம், அம்மா வந்து பார்ப்பார்கள் என்று நீ பதில் போட்டாயாம். அம்மா போனேன். டிரினிட்டி வரைக்கும் ஆட்டோ, அங்கேயிருந்து மெட்ரோ, இறங்கி இன்னொரு ஆட்டோ. கேட்டில் நின்ற பையன் என்னை வீட்டு வேலைக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்து லிஃப்ட்டில் போங்கம்மா என்றான், நானும் அதிலேயே போனேன். அப்பாவும் அந்த மாதிரி ஒரு கேட்டில் பதினைந்து வருஷம் யூனிஃபார்ம் போட்டு நின்றவர்தானே, அவனைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. ப்ளம்பரை வரவழைத்துச் சரி பண்ணியாயிற்று. உன் பிரச்சினை எல்லாம் இப்படித்தான், அம்மா போனால் தீர்ந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் போன வியாழக்கிழமை போன் பண்ணினாய் என்று நினைக்கிறேன். அப்பா எங்கே என்று கேட்டாய், முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாய். சுள்ளியா நிலத்தை விற்றாயிற்று, பத்திரம் முடிந்துவிட்டது, வாங்கினவர்கள் ரிசார்ட் கட்டப் போகிறார்கள், இருபத்தெட்டாம் தேதி மிஷின் வந்து ரப்பர் மரங்களைத் தள்ளிவிடும் என்று ஊர் நியாயம் பேசுகிற மாதிரி சொல்லி முடித்தாய். “அப்பாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்கம்மா, நீங்க சொன்னா கேட்டுப்பாரு” என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். சரி என்று சொல்லிவிட்டதாக நீ எடுத்துக்கொண்டிருப்பாய். இல்லை விஜி, எனக்கு நாக்கு எழவில்லை, அவ்வளவுதான்.

அந்த நிலத்தை இந்த வீட்டில் யார் கேட்டார்கள்? கொரோனா சமயத்தில் ஒயிட்ஃபீல்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று இங்கே வந்து, என் தையல் மிஷின் மேலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாய். எவனோ யூடியூபில், ரப்பர் வைத்தால் ஏழாம் வருஷத்திலிருந்து தூங்கிக்கொண்டே வருமானம் பார்க்கலாம் என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, சுள்ளியாவில் மூன்று ஏக்கரை உன் பேரில் வாங்கினாய். நான் வேண்டாம் என்றேன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற நிலத்தை யார் பார்ப்பது என்று கேட்டேன். நீ என்னிடம் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை, நேராக அவரிடம் போய், அப்பா ஐந்நூற்று நாற்பது குழி வெட்டணும், உங்களைவிட்டால் யாருக்குத் தெரியும் என்றாய். அவர் வேலை பார்த்த தங்கவயல் சுரங்கத்தை மூடி இருபது வருஷமாகியிருந்தது. அந்த இருபது வருஷத்தில் மண்ணைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கு ராஜா மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டார் மனுஷன்.

குழி வெட்டின கதை உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். சுரங்கத்தில் கூட வேலை பார்த்த ஆம்ப்ரோஸ் அண்ணனையும் பழைய ஷிப்ட் ஆட்கள் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் ஷெட் போட்டுத் தங்கினார். நாலு கிழவர்களும் சேர்ந்து, தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து, ஒவ்வொரு குழியையும் இரண்டரை அடிக்கு இரண்டரை அடி, சுவர் நேராக, கைவைத்தால் வழுக்குகிற மாதிரி செதுக்கி வெட்டினார்கள். நிலத்தைப் பார்த்துக்கொள்கிற சண்முகம், அவர் குடும்பம் சிலோனிலிருந்து வந்து அங்கே அரசாங்க ரப்பர் தோட்டத்தில் குடியேறினது, ரப்பரிலேயே பிறந்து வளர்ந்த ஆள், அவர் முதல் நாளே சொன்னாராம், ஐயா இது கிணறு இல்லை, சுவரைக் கொத்திவிடுங்க, வேர் நுழையணும், தண்ணி வெளியே போகணும் என்று. பூமிக்குக் கீழே பத்தாயிரம் அடி போனவனுக்கு நீ குழி சொல்லித் தருகிறாயா என்று உன் அப்பா அவரை விரட்டிவிட்டார். நீ அந்தக் குழிகளை வீடியோ எடுத்து, என் அப்பா கேஜிஎஃப் மைனர் என்று எழுதிப் போட்டாய், நூறு பேர் கைதட்டினார்கள். ஜூன் மாதம் நட்டோம். நீயும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஷெட் பக்கத்தில் முதல் குழியில் ஒரு கன்றை நட்டாய், அதையும் போட்டோ எடுத்தோம். அப்புறம் அந்த ஊர் மழை பிடித்தது. குழி ஒவ்வொன்றும் பக்கெட் மாதிரி தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டது. இலை மஞ்சளாகி, வேர் அழுகி, ஒன்றரை மாதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. சுரங்கத்தில் தண்ணீர் வந்தால் பம்பு இழுத்துவிடும் தனம், அது எனக்கு ஞாபகமே வரலை என்று சொல்லிவிட்டு மழையில் நின்று மக்கில் மொண்டு ஊற்றினார். நீ போனில், பேசிக் டிரெயினேஜ்கூடத் தெரியாதா என்று கத்தினாய். ஸ்பீக்கரில்தான் இருந்தது. உன் பேச்சு முடிகிறவரை அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த வருஷம் நீ ஜெர்மனிக்குக் கிளம்பின அதே மாதம், தான் செதுக்கின சுவர்களைத் தானே கடப்பாரை எடுத்து உடைத்து, சண்முகம் சொன்னபடி மேல்மண்ணைத் தள்ளி மேடாக்கி, செத்ததற்கெல்லாம் புதுக்கன்று வைத்தார். சண்முகத்திடம் மன்னிப்பும் கேட்டார். அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

இந்த ஐந்தரை வருஷமாக மாதம் இரண்டு தடவை பஸ் ஏறுகிறார். நீ ஒரு தடவை, மரம்தானே அப்பா, அது பாட்டுக்கு வளரும், நீங்க ஏன் போறீங்க என்றாய். அது பாட்டுக்கு எது வளரும்? ஒட்டுக்கட்டின இடத்துக்குக் கீழே கிளம்புகிற காட்டுத் துளிரைக் கிள்ளாவிட்டால் நல்ல மரம் நின்றுபோய்க் காட்டு மரம் மேலே வந்துவிடும். எட்டடி உயரம் வரைக்கும் பக்கக் கிளை விடக்கூடாது. மண்ணை மூடுவதற்குப் போட்ட பயறுக்கொடி கன்றின் கழுத்தில் ஏறிச் சுற்றிக்கொள்ளும், அதைப் பிரித்துவிட வேண்டும். வெயில் வருவதற்கு முன்னால் அடியில் சருகு போட்டு, பட்டை வெடிக்காமல் இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இதையெல்லாம் செய்தது நுரையீரலில் கல்தூசி இருக்கிற மனுஷன். அல்சூர் டாக்டர் மூச்சை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூச்சு முன்னைவிட நன்றாக இருக்கிறது, ஐயா எந்த ஊருக்குப் போய்வருகிறார், போகட்டும் விடுங்கள் என்றார். உங்க உடம்புக்காகத்தான் விற்கிறேன் என்று அவரிடம் சொல்லும்படி எனக்குச் சொல்லிக்கொடுத்தாயே, அந்த டாக்டரை நீ ஒரு நாள் போனில் கேட்டிருக்கிறாயா? ஜெர்மனியில் வீடு வாங்க வேண்டியிருக்கிறது என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. பெற்ற பிள்ளை வீடு வாங்குவது எந்தத் தாய்க்குக் கசக்கும்? என்னை வைத்து அவரிடம் பொய் சொல்லப் பார்த்தாய் பார், அதுதான் கசக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் சுண்ணாம்பும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். என் இஞ்ச் டேப்பைக் கேட்டார். நாலடி உயரத்தில் மரத்தின் சுற்றளவு இருபது இஞ்ச் வந்தால் பால் எடுக்கலாம் என்று சண்முகம் சொன்ன நாளிலிருந்து என் டேப் எனக்குச் சொந்தமில்லை, ரவிக்கை அளவெடுக்கப் புது டேப் வாங்கிக்கொண்டேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடியுங்கள் என்று சொல்லி டேப்பைக் கொடுத்து அனுப்பினேன். விற்றுப்போன மரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க அனுப்பினவள் நான். அவர் அங்கே இருந்த நாலு நாளும் உனக்குப் போன் போட்டேன், நேராகப் பேசி உன்னையே சொல்லவைக்கலாம் என்று. மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்று நாலு நாளும் அதே மெசேஜ் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் போன் வந்தது. மூச்சு வாங்கியது, பயந்துபோனேன். “தனம், இருபது வந்துடுச்சு” என்றார். ஷெட் பக்கத்து மரம், முழுசாக இருபது இஞ்ச், சண்முகமும் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டாராம், தோட்டத்திலேயே முதல் மரம். விஜி நட்ட மரம்தான் முதலில் எட்டியிருக்கிறது, அவனிடம் நீயே சொல்லு, நான் சொன்னால் அழுதுவிடுவேன் என்றார். நானும் சொல்கிறேன். ஆனால் அது நீ நட்ட மரம் இல்லை விஜி. நீ நட்டது முதல் மழையிலேயே செத்துப்போய்விட்டது. பிள்ளை வந்து கேட்டால் என்ன சொல்வது என்று, மற்ற குழிகளை உடைக்கிறதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அந்த ஒரு குழியின் சுவரை மட்டும் அது செத்த வாரமே கொத்தித் தளர்த்தி, மிச்சமிருந்த கன்றில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி வைத்தார். அதனால்தான் அது எல்லாவற்றையும் முந்திக்கொண்டு பெருத்தது. நீ ஒவ்வொரு தடவை வீடியோ காலில் என் மரம் எப்படியிருக்கு என்று கேட்டபோதும், நல்லாயிருக்குப்பா என்று உன் மனசு நோகாமல் சொல்லிக்கொண்டு வந்தார். இதையும் உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இந்த ஒரு சத்தியத்தை மீறுகிறேன், சாமி மன்னிக்கட்டும்.

நேற்று சாயங்காலம் திரும்பி வந்தார். இப்போது கடைக்குப் போயிருக்கிறார், நூற்றைம்பது மரத்துக்குச் சுண்ணாம்பு போதவில்லையாம், இன்னும் வாங்க வேண்டுமாம். இருபத்தேழாம் தேதி பஸ்ஸுக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டார். கிறிஸ்துமஸ் முடிந்து ஆம்ப்ரோஸ் அண்ணனும் வருவார். நானும் கூடப் போகிறேன், எனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொன்னேன். அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு நான் அங்கே வருவது இதுதான் முதல் தடவை என்று அவருக்கு ஒரே சந்தோஷம், ஷெட்டைக் கழுவிவைக்கும்படி சண்முகத்துக்குச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் மிஷின் வரும்போது அவர் மரத்தடியில் நிற்பார், நான் அவர் பக்கத்தில் நிற்பேன். உனக்குத் தெரியுமா தனம் என்று கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வேன். அது கொடுமைதான், எனக்குத் தெரிகிறது. அந்தக் கொடுமை நடக்காமல் இருப்பது உன் கையில் இருக்கிறது. உங்களுக்கு அங்கே பத்து நாள் லீவு, போன வருஷம் பனியில் சறுக்கி விளையாடப் போனீர்கள், இந்த வருஷம் அந்தப் பத்து நாளில் இரண்டு நாளை அப்பாவுக்குக் கொடு. வர முடியாவிட்டால் போனாவது பண்ணு, என் போனுக்கு இல்லை, அவர் போனுக்கு. பத்திரத்தைத் திருப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. உன் வாயால் சொல்லச் சொல்கிறேன்.

ஆஷாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். குழந்தைக்குக் குளிரில் காதை மூடித் தொப்பி போடு, அவளிடம் வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், தாத்தா பேசுவது அவளுக்குப் புரிய வேண்டும். உங்கள் மூன்று பேருக்கும் எந்தக் குறையும் வராமல் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், கோபத்தில் எழுதினாலும் இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவர் உன்னிடம் சொல்லச் சொன்னதை நான் சொல்லிவிட்டேன். நீ அவரிடம் சொல்லச் சொன்னதை நான் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
தனலக்ஷ்மி ஜெயராமன்